மதினியின் வண்டிக்கு ஊற்றிய எண்ணெய்

கியர் கம்பியைக் கீழே இழுத்துவிட்டு மதினி காத்திருப்பாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நகராது. பிறகு அடியில் யாரோ தோளால் முட்டியதுபோல ஓர் அசைவு வரும், அதன் பின்தான் சக்கரம் உருளும். ஆரம்பத்தில் அந்தக் காத்திருப்பு கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. பக்கத்து இருக்கையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்ததில்லை. ஆனால் அந்த வருடம் மழை ஓய்ந்தபோது அது வளர்ந்திருந்தது. மதினி ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, அடுத்த அறையில் படுத்திருக்கும் நோயாளியின் மூச்சைக் கவனிப்பவள்போல இருப்பாள். "இப்பம் கேட்டியா பிள்ள?" என்பாள். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. "அதான். ஒண்ணும் கேக்கலைல்லா" என்பாள்.

மதினி என் அண்ணனின் மனைவி. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா காலத்திலேயே புனே பக்கத்தில் உள்ள தேஹு ரோட்டுக்கு வந்துவிட்டது. அப்பா ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தார், அவருக்குப் பிறகு அண்ணனும் அங்கேயே. மதினி தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. முழங்காலுக்கு மேல்வரை இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த ஒரு கட்டு போட்டுத்தான் நடப்பாள். சிமெண்ட் தரையில் அவள் நடந்து வரும் சத்தத்தைக் கேட்டே எந்த அறைக்குப் போகிறாள் என்று சொல்லிவிடலாம். அந்தக் காலைப் பற்றி யாரும் பரிதாபமாகப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது. பேசியவர்களிடம் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆகுர்டித் தொழிற்சாலைகளுக்கு நம்மூர்ப் பையன்கள் நிறையப் பேர் வேலைக்கு வந்தார்கள். அறைக்கு நாலைந்து பேராகத் தங்கிக்கொண்டு, தினமும் சப்பாத்தியைத் தின்று முகம் வாடிப்போயிருந்தவர்களுக்கு மதினி சோறு சமைத்து அனுப்ப ஆரம்பித்தாள். முதலில் இரண்டு அறைகள். பிறகு ஒரு தெரு. பிறகு ஒரு சிறிய தொழிற்சாலையின் கேன்டீனே அவளிடம் மதியச் சாப்பாடு கேட்டது. வாடகை டெம்போக்காரன் வந்தால் வருவான், வராவிட்டால் இல்லை. குழம்பு ஆறிக்கொண்டிருக்க மதினி வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டுப் போட்ட காலோடு அவளால் கிளட்சை மிதிக்க முடியாது. அதனால் வண்டி ஓட்டுவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிளட்சே இல்லாத வண்டி ஒன்று இருப்பதாக அண்ணனின் சிநேகிதர் வந்து சொன்னார். எண்பதுகளில் ஒரு தொழிற்சாலையை நிறுவ வந்த வெளிநாட்டு எஞ்சினியர்கள் விட்டுப்போன ஜப்பான் பிக்கப். பழுப்பேறிய வெள்ளை நிறம், பின்னால் நீளமான திறந்த தொட்டி. கியர் தானாக மாறிக்கொள்ளும். வலது கால் ஒன்றே போதும். அந்த நாளில் புனே முழுக்கத் தேடினாலும் அப்படி வண்டி கைவிரல் எண்ணிக்கைக்குள்தான் இருந்திருக்கும். அண்ணனுக்கு இஷ்டமில்லை. மதினி ஒருமுறை போய்ப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள், வலது காலை ஆக்சிலேட்டரில் வைத்துப் பார்த்தாள். இறங்கி வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. கிடங்குச் சுவருக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். மழைக்கு முன்னால் அந்த மைதானமெல்லாம் செம்மண் புழுதி. புழுதிக்குள் மறைவதும் வெளிவருவதுமாக அவள் சுற்றிச் சுற்றி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவ்வளவு உரக்க அவள் சிரித்து அதற்கு முன் கேட்டதில்லை.

நான் அப்போது ஆகுர்டியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணமாகவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு மதினியின் வண்டியில்தான் போவேன். அதனால்தான் அவளுக்கு அடுத்தபடியாக அந்த வண்டியை அறிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே என்று சொல்ல முடிகிறது.

வண்டியை விற்ற கம்பெனியின் டிரைவர் சாவியைக் கொடுக்கும்போது ஒரு விஷயம் சொல்லியிருந்தார். மற்ற வண்டிகளில் கிளட்ச் செய்கிற வேலையை இதில் எண்ணெய் செய்கிறது. எண்ணெய் சரியாக இருக்கும்வரை வண்டி சொன்னபடி கேட்கும். கண்டதை ஊற்றிவிடாதீர்கள். இதைச் சொல்லிவிட்டு மிச்சமிருந்த சில டப்பாக்களையும் கொடுத்தார். உள்ளே ரோஜாப்பூ சர்பத் மாதிரி தெளிவான சிவப்பில் ஒரு திரவம். மதினி ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடான பிறகு, ஓடவிட்டபடியே அளவுக்கம்பியை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பாள். துணியில் அந்தச் சிவப்பு படிந்தால் திருப்தியாகத் தலையாட்டுவாள். வண்டி பழையது, எங்கேயோ கசிந்தது. நிறுத்திய இடத்தில் விரல்நுனி அளவு சொட்டுகள் விழுந்திருக்கும். டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன.

கடைசி டப்பா தீர்ந்ததும் மதினி ஒரு மருந்துக் குப்பியில் பழைய எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு என்னோடு நானா பேட்டுக்கு வந்தாள். வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். ஏறி இறங்கிய கடை எதிலும் அது இல்லை. ஒருவர் கியர் ஆயிலை எடுத்து வைத்தார். இன்னொருவர் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயைக் காட்டி, "லால் ஹை நா? வஹி ஹை" என்றார். சிவப்பாக இருக்கிறதல்லவா, அதுதான் இது. கடைசியாக ஒரு சந்துக்குள் இருந்த பார்சிக்காரர் ஒருவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கருகே வைத்து முகர்ந்து, ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவே தேய்த்தார். பிறகு எங்களை உட்காரச் சொன்னார். சிவப்பு எண்ணெயில் பல ஜாதி உண்டு, அம்மா, என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். வண்டிக்குள்ளே தகடுகள் ஒன்றையொன்று பிடித்துத்தான் சக்கரம் சுற்றுகிறது. ஒருவகை எண்ணெய் அவற்றை வழுவழுவென்று பிடிக்க வைக்கும். இன்னொருவகை வெடுக்கென்று பிடிக்க வைக்கும். மற்றவை அந்த வேலைக்கே ஆகாது, தகடு நழுவி நழுவிக் கருகும். உங்கள் வண்டி முதல் வகை. என்னிடம் இப்போது இல்லை, பம்பாயிலிருந்து வரவழைக்கச் சில வாரம் ஆகும்.

"அதுவரைக்கும் வேற ஏதாவது ஊத்துனா?" என்று மதினி கேட்டாள்.

அவர் குப்பியை மூடிக் கையில் கொடுத்தார். "முதலில் ஒன்றும் தெரியாது" என்றார். "அதுதான் அதில் மோசம்."

திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில் மதினி அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். சிஞ்ச்வட் தாண்டியதும் சொன்னாள்: "பச்சரிசி மாவும் இட்லி அரிசி மாவும் பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். ஊத்தி, மூடி வச்சு, வேவும்போதுதாம்டி தெரியும்." பம்பாய் எண்ணெய்க்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தோம். அளவு இன்னும் ஆபத்தான கோட்டுக்கு இறங்கவில்லை. காத்திருக்கலாம் என்றுதான் அவள் கணக்குப் போட்டாள்.

அதற்குள் தென்காசியில் அவளுடைய சித்தப்பா இறந்துபோனார். சின்னப் பையனாக இருந்த மகனையும் கூட்டிக்கொண்டு மதினி ஊருக்குப் போனாள். காரியங்கள் முடிந்து திரும்ப இரண்டு வாரம் ஆனது. அந்த இடைவெளியில்தான் அண்ணன் வண்டியை மிஸ்திரியிடம் கொண்டுபோனான்.

மிஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வண்டியைப் பற்றி முதலில் வந்து சொன்ன அண்ணனின் சிநேகிதர் அவர்தான். நிக்டியில் கராஜ் வைத்திருந்த மராட்டியர். பருத்த உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில், பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளைத் தட்டிக்கொண்டே பேசுவார். அண்ணனும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகச் சுற்றியவர்கள். மதினியை "வைனி" என்று கூப்பிடுவார். மராட்டியில் அதுவும் மதினிதான். அவளும் அவரை அண்ணன் முறை வைத்து "பாவு" என்பாள். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகல் பாராமல் கூடவே இருந்தவர். லாரியானாலும் ஜீப்பானாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். அந்தக் கையின் மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். கசிவைப் பார்த்தவுடன் கீழே படுத்து, அடித்தட்டைக் கழற்றி, சீல் மாற்றி, பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட்டுத் தன்னிடம் பீப்பாயில் இருந்த சிவப்பு எண்ணெயை ஊற்றிக் கொடுத்துவிட்டார். மெஷின்களுக்கு ஊற்றுகிற எண்ணெய். வண்டியைக் கழுவி, பாலிஷும் போட்டிருந்தார்.

மதினி ஊரிலிருந்து வந்து இறங்கியதும் அண்ணன் பெருமையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். "பாத்தியா, ஒரு சொட்டு கீழ விழல." மதினி வண்டியின் அடியில் குனிந்து பார்த்தாள். காய்ந்த தரை. "என்ன ஊத்துனாவ?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன் சொன்னான். கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

பார்சிக்காரர் சொன்னது சரியாக இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் வண்டி முன்பைவிட நன்றாகவே ஓடியது. நானே, "நீங்க வீணாப் பயந்திய மதினி" என்றேன். அவள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். பிறகு நான் முதலில் சொன்ன அந்தக் காத்திருப்பு வந்தது. நின்ற வண்டி கிளம்பத் தாமதித்தது. ஓடும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது. வண்டி நின்ற பிறகு ஒரு வாடை. எண்ணெய் வாடை மாதிரி இல்லை, அடுப்பில் பால் அடிப்பிடித்த மாதிரி. வெள்ளைத் துணியில் சிவப்பு பழுப்பாகியது, பழுப்பு டிகாஷன் நிறமாகியது. மதினி அந்தத் துணியை அண்ணனிடம் காட்டினாள். அண்ணன், "வண்டின்னா எண்ணெய் கருக்கத்தான செய்யும்" என்றான்.

ஒரு சனிக்கிழமை அவளே வண்டியை நிக்டிக்கு ஓட்டிப்போய் மிஸ்திரியிடம் காட்டினாள். நானும் இருந்தேன். இந்த எண்ணெய் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை பாவு, முழுவதையும் வடித்துவிடுங்கள், பம்பாயிலிருந்து சரியானது வரும்வரை வண்டி நிற்கட்டும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மராட்டியில் சொன்னாள். மிஸ்திரி துணியை வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "வைனி, தேல் தேல்தான், எந்த எண்ணெயும் எண்ணெய்தான். எல்லாம் பூமியிலிருந்துதானே வருகிறது" என்றார். இரண்டு மூன்று முறை ஓட்டினால் பழகிவிடும் என்றார். எங்களுக்கு டீ வரவழைத்தார். மதினி டீயைக் குடிக்காமல் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தாள். திரும்பும்போது சொன்னாள்: "சமதளத்துல போறவரைக்கும் பயமில்ல. இறக்கம்தான். இறக்கத்துல தாழ்ந்த கியர்ல போட்டா இன்ஜின்தான் வண்டியைப் பிடிச்சு நிறுத்தணும். தகடு வழுக்குனா எதுவும் பிடிக்காது. பொறவு பிரேக் ஒண்ணுதான். பாரத்தோட அது எவ்வளவு தூரம் தாங்கும்?" அன்றிலிருந்து தேஹு ரோட்டுக்கும் ஆகுர்டிக்கும் நடுவே உள்ள சமதளச் சாலையைத் தவிர வேறெங்கும் அவள் வண்டியைக் கொண்டுபோகவில்லை.

கோபோலியில் ஒரு தமிழ்க் குடும்பம் புதுவீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு மதினியிடம் வெகுநாள் முன்பே சொல்லியிருந்தார்கள். அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். கோபோலி மலைக்குக் கீழே. லோனாவாலா, கண்டாலா தாண்டி, பழைய சாலையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். வாடகை டெம்போவுக்குச் சொல்லியிருந்தாள். கல்யாண சீசன். முந்தின நாள் சாயங்காலம் டெம்போக்காரன் கையை விரித்துவிட்டான். அண்ணன் ஓடிப்போய் மிஸ்திரியிடம் சொல்ல, அவர் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். "நம் வண்டி இருக்கும்போது டெம்போ எதற்கு? நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்" என்றார். அண்ணனுக்கு ஒரே குஷி. ரெண்டு பேருமாப் போய்ட்டு வந்திருதோம், ரொம்ப நாளாச்சு சேந்து போயி, என்றான்.

மதினி வேண்டாம் என்றாள். காரணமும் சொன்னாள். மிஸ்திரிக்கு முதல்தடவையாக முகம் சுருங்கியது. அவர் கைவேலையை அவர் முன்னாலேயே குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டது. "வைனி, இந்த மலையை உங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் இறங்குகிறவன்" என்றார். அண்ணன் மதினியைப் பார்த்துக் கண்ணால் அதட்டினான். சாப்பாட்டுக்குக் காத்திருக்கப்போகிற விருந்தாளிகள், கொடுத்த வாக்கு, வாசலில் நிற்கிற பழைய சிநேகிதர். மதினி உள்ளே போய்ப் பருப்பை ஊறப்போட்டாள்.

மறுநாள் விடியும் முன்பே அடுப்புகள் எரிந்தன. நானும் கூடமாட இருந்தேன். பொழுது புலர்ந்ததும் அண்ணன் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மதினி அவனை ஏறிட்டுப் பார்க்காமல் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "நீங்க இப்பமே ரயில்ல கெளம்புங்க. லோனாவாலா எறங்கி பஸ் பிடிச்சுப் போங்க. எல ரெண்டு கட்டையும் கையோட கொண்டுட்டுப் போயிருங்க. வண்டியில போட்டா பாத்திரச் சூட்டுல வாடிரும். பந்தி போடுத எடத்தயும் பாத்து வச்சிருங்க." அண்ணன் முனகினான். மிஸ்திரியோடு போவதாகச் சொன்னேனே என்றான். "எல வாடுனா என் பேருதான் கெடும்" என்றாள் மதினி. அதற்கு முன்பு எத்தனையோ தடவை இலைக்கட்டுகள் வண்டியில்தான் போயிருக்கின்றன. ஒருபோதும் வாடியதில்லை. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. அண்ணன் இலைக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான்.

அண்ணன் ஏன் முன்னால் போய்விட்டான் என்று மிஸ்திரி கேட்டார். இலை என்றாள் மதினி. பாத்திரங்களை ஏற்றிக் கயிறு கட்டினோம். அவர் ஏறி உட்கார்ந்ததும் மதினி ஜன்னலோரம் போய் நின்று, "இறக்கம் வந்ததும் கியர் கம்பியை ஆகக் கீழே போட்டுருங்க பாவு. மெதுவாப் போங்க" என்று இந்தியில் சொன்னாள். அவர் தலையாட்டிச் சிரித்தார். முந்தின நாள் வருத்தம் போயிருந்தது. கம்பியை இழுத்தார். வண்டி நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்கள் மட்டும் கீழே போய்விட்டு வந்தன. ஆக்சிலேட்டரை மிதித்தார். பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோத, வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது. மதினியின் கை கொஞ்ச தூரம் நீண்டது. எதையோ பிடிக்கப்போவது மாதிரி. பிறகு அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அன்று காலை முழுவதும் அவள் உட்காரவில்லை. தேய்த்த பாத்திரங்களையே திரும்பத் தேய்த்தாள். சிமெண்ட் தரையில் அந்தக் கட்டின் சத்தம் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தது. உச்சிவெயில் ஏறியபோது பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து, கோபோலியிலிருந்து போன் என்றான். இரண்டு பேரும் விரைந்தோம். அண்ணன்தான். சாப்பாடு இன்னும் வரவில்லை, எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், எப்போது கிளம்பினார் என்று கத்தினான். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. மதினி, "நீங்க எங்க நிக்கிய?" என்று கேட்டாள். அவன் மறுபடியும் சாப்பாட்டைப் பற்றிக் கத்தினான். "நீங்க எங்க நிக்கிய, அதச் சொல்லுங்க" என்றாள். பந்தலில்தான் நிற்கிறேன், வேறெங்கே நிற்பேன் என்றான். மதினி ரிசீவரைப் பிடித்தபடியே பூத்துக்காரரின் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். அப்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வண்டி வந்து சேரவில்லை என்ற செய்தி காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே வந்தது. அடுத்த கணம் அவளே அதை உணர்ந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அதைப் பார்த்துவிட்டேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கண்டாலாவுக்குக் கீழே ஒரு வளைவில் வண்டி மலைப்பாறையில் மோதிக் கிடந்தது. எதிரே ஏறி வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்: தூரத்திலிருந்தே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார், சக்கரங்களிலிருந்து புகை வந்தது, எங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் பள்ளத்துப் பக்கமும் போகாமல் எங்கள் மேலும் வராமல் பாறைப் பக்கம் திருப்பிவிட்டார். சாலை முழுக்கச் சாம்பாரும் சோறும் சிதறிக் கிடந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மிஸ்திரி இறந்துபோனார். பந்தலிலிருந்து ஓடிய அண்ணன்தான் அடையாளம் காட்டினான்.

பழைய வண்டி, பிரேக் போய்விட்டது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அதுவும் பொய்யில்லை. பிரேக் தீய்ந்துதான் போயிருந்தது. எண்ணெய்தான் காரணமா, வேறெதுவும் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல என்னால் இன்றும் முடியாது. ஆனால் மதினி அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வண்டியை நேரில் பார்த்தவன் அவன்தானே. "கம்பி எதுல இருந்துச்சு?" அண்ணன் யோசித்தான். "ஆகக் கீழ" என்றான். மிஸ்திரி அவள் சொன்னபடியே செய்திருக்கிறார். கியர்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை.

கொஞ்ச நாளில் பார்சிக்காரரிடமிருந்து எண்ணெய் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நாங்கள் போனோம். புத்தம் புதிய டப்பாக்களை மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தார். வண்டி இப்போது இல்லை என்று மதினி சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் டப்பாக்களைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

காரியம் முடிந்த பிறகு மதினி மிஸ்திரியின் மனைவியைப் பார்க்கப் போனாள். நான் துணைக்குப் போனேன். சின்ன வீடு, மாலை போட்ட படத்துக்குக் கீழே அந்த அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மதினி காலின் கட்டைத் தளர்த்திக்கொண்டு அவளுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். பாதி மராட்டி, பாதி இந்தி. எண்ணெயைப் பற்றி, கருகிய துணியைப் பற்றி, வேண்டாம் என்று தான் சொன்னதைப் பற்றி. கடைசியில் இலையைப் பற்றியும் சொன்னாள். "என் வீட்டுக்காரர் அந்த வண்டியில் ஏறக்கூடாது என்று இலையைச் சாக்குச் சொல்லி ரயிலில் அனுப்பினேன்" என்றாள். எனக்கு அப்போதுதான் அது புரிந்தது.

அந்த அம்மா மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், கோபமே இல்லாமல் கேட்டாள்: "உன் புருஷனிடம் பொய் சொன்னாயே வைனி. என் புருஷனிடமும் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றோ, சாவி தொலைந்துவிட்டது என்றோ. அவரிடம் மட்டும் ஏன் உண்மையைச் சொன்னாய்?"

மதினி காலின் கட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது, அவனிடமும் தானே சொல்லிவிட்டாள். அவன் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே கேட்டான். "அப்பம் தெரிஞ்சுதான் அவன அனுப்பிருக்க." "தெரியாது. பயம்தான்" என்றாள். "எனக்காவப் பயந்த. அவனுக்காவப் பயப்படலை" என்றான் அண்ணன். எழுந்து போய்க் கையைக் கழுவினான். அதன்பின் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

மிஸ்திரியின் மனைவி பிள்ளைகளோடு சாத்தாராப் பக்கம் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மதினி மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வாடகை டெம்போவை வைத்துச் சில வருடங்கள் சாப்பாடு அனுப்பினாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். அண்ணன் நல்ல கணவனாகத்தான் இருந்தான். சண்டை போட்டதில்லை, குத்திக்காட்டியதில்லை. ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இன்னைக்கு ஸ்கூட்டர எடுக்காதீங்க, மழ வரும்போல இருக்கு என்று மதினி சாதாரணமாகச் சொன்னாலும், கையில் எடுத்த சாவியோடு நின்று அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் எதைத் தெரிந்துகொண்டு சொல்கிறாள் என்று தேடுகிற பார்வை. அவள் வேறு பக்கம் பார்ப்பாள். நான் கல்யாணமாகிப் போன பிறகும், வருகிறபோதெல்லாம் அந்தப் பார்வையை அந்த வீட்டில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் கடைசியில் அவர்கள் மகன் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து, புதுக் கார் வாங்கினான். கியர் தானாக மாறுகிற கார். அதற்குள் அது ஒரு அதிசயமாக இல்லை. எந்த எண்ணெய் ஊற்றுவது என்று யாரும் கவலைப்படுவதும் இல்லை, கம்பெனியில் விட்டால் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அலிபாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். நானும் வந்திருந்தேன். பைகளை ஏற்றியாகிவிட்டது. அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைக்கூடப் போட்டுவிட்டான். அப்போது மதினி வாசலில் நின்றபடி, "நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

"அம்மா, டென்ஷன் நக்கோ, பயப்படாத. நான் ஸ்லோவா ஓட்டறேன்" என்றான் மகன். அவனுக்கு அந்தப் பழைய கதை ஏதோ ஒரு விபத்து என்ற அளவில்தான் தெரியும்.

அண்ணன் பெல்ட்டைக் கழற்றினான். கதவைத் திறந்து இறங்கி, மதினியின் எதிரில் போய் நின்றான்.

"ஏன் வரல?"

"முழங்கால் வலி."

"முழங்கால்தானா?"

மதினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் எதைக் கேட்கிறான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். முழங்கால்தான் என்று அவள் சொன்னால் அண்ணன் நம்பப்போவதில்லை. இல்லை என்று சொன்னால் காட்ட அவளிடம் வேறு காரணம் எதுவும் இல்லை.

அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள். ஜன்னல்களைச் சாத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் உட்கார்ந்திருந்த முன் இருக்கையில், மகனுக்குப் பக்கத்தில் ஏறி, இரண்டு கைகளாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, "போ" என்றாள். அண்ணன் பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்டாலா தாண்டி இறக்கம் தொடங்கியதிலிருந்து கோபோலிவரை அவன் சாலையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் தெரிந்த மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மதினி கண்ணை மூடியிருந்தாள்.